ரசீதும் செக்ரோலும்

குவாசா டாமன்சாரா எம்ஆர்டி நிலையம் நிற்கிற இடம் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டமாக இருந்தது. 1925இல் அமைந்த அந்தக் கழகம் தன் மரங்களை சுங்கை பூலோவில்தான் நட்டுப் பார்த்தது. உலகம் முழுக்கப் பேர் வாங்கிய ஆர்ஆர்ஐஎம் 600 என்ற ரகம் அந்தக் கழகத்தின் பிள்ளை; தாய்லாந்துத் தோட்டங்களில் இன்றைக்கும் அதுதான் அதிகம். அந்த ரகத்தின் பெற்றோரில் ஒன்று பிபி 86. பிபி என்றால் பிராங் பெசார் தோட்டம். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921இல் தொடங்கியது. அந்தத் தோட்டம் இருந்த இடத்தில்தான் இப்போது புத்ராஜெயா இருக்கிறது.

சுங்கை பூலோவின் சோதனைத் தோட்டத்தை ஊழியர் சேமநிதி வாரியம் எடுத்து, 2,300 ஏக்கருக்கு மேற்பட்ட அந்த நிலத்தை நகரமாக்கிக்கொண்டிருக்கிறது. பால் வெட்டியவர்களின் சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடித்த பணமும் அந்த வாரியத்தில்தான் சேர்ந்தது. ஆனால் சிலாங்கூர் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் எத்தனை பேர் பெயரில் ஒரு துண்டு மண்ணுக்காவது கிராண்டு, அதாவது நிலப் பத்திரம், இருக்கிறது? தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து, பிறகு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியிலேயே ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு, அந்தக் கேள்விதான் வரலாற்றுப் புத்தகங்களைத் திறக்க வைத்தது. தேடிக்கொண்டே போனதில் நான் போய் நின்ற இடம் அயர்லாந்தின் மேற்குக் கரை.

கால்வே, மேயோ என்ற மாவட்டங்கள். கல்லும் சதுப்பும் நிறைந்த மண். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த மண் சில குடும்பங்களின் கையில் இருந்தது. பாலினாஹின்ச் என்ற ஊரின் மார்ட்டின் குடும்பத்துக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் ஏக்கர். 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் குத்தகைக்காரர்கள் செத்தார்கள், கப்பலேறினார்கள். குத்தகைப் பணமான வாரம் வராமல் குடும்பமும் கடனில் மூழ்கியது. 1852இல் அந்த நிலம் லண்டனின் ஓர் ஆயுள் காப்புறுதிக் கம்பெனிக்குப் போனது. அதே பாலினாஹின்ச் மாளிகையை 1920களில் வாங்கியவர் இந்தியாவின் ரஞ்சித்சிங்ஜி. ரஞ்சி கோப்பை என்கிறோமே, அந்த ரஞ்சி. குஜராத்தின் நவநகர் அரசர், கோடையில் மீன் பிடிக்க அங்கே போய்த் தங்கினார். நிலத்தின் கதை எங்கிருந்து எங்கே கிளை விடுகிறது பாருங்கள்.

இன்னொருவர் கிளான்ரிகார்டு பிரபு. கால்வேயில் 50,000 ஏக்கருக்கு மேல் வைத்திருந்தவர். வாழ்ந்தது லண்டனில், தன் நிலத்தை வந்து பார்த்ததே அபூர்வம். வாரம் வசூலித்தது ஏஜெண்டு, வீட்டைவிட்டு விரட்டியது போலீஸ். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் தோட்டம்தான் கண்ணில் வந்தது. கம்பெனி லண்டனில், இயக்குநர்கள் லண்டனில், மேட்டு பங்களாவில் துரை, அவருக்குக் கீழே கிராணி, அவருக்குக் கீழே கங்காணி. என் அம்மா தன் வாழ்நாளில் கம்பெனிக்காரர் ஒருவரைக்கூடக் கண்டதில்லை.

மேயோவில் 1879இல் மைக்கேல் டாவிட் என்பவர் முன்னின்று நிலச் சங்கம் அமைத்தார். டாவிட்டின் குடும்பமே அவர் சிறுபிள்ளையாக இருந்தபோது வீட்டைவிட்டு விரட்டப்பட்டதுதான். மறு ஆண்டு, எர்ன் பிரபுவின் ஏஜெண்டாக இருந்த கேப்டன் பாய்காட்டுக்கு ஊரில் யாரும் வேலை செய்ய மறுத்தார்கள். கடைக்காரர் சாமான் தரவில்லை. அறுவடைக்கு வடக்கிலிருந்து ஐம்பது பேரை வரவழைத்து, அவர்களைக் காக்க ஆயிரம் அளவில் படையாட்களை நிறுத்த வேண்டியதாயிற்று. 1881இல் சட்டம் வந்தது: நியாயமான வாரம், வாரம் கட்டும்வரை வெளியேற்றக் கூடாது, தன் குத்தகை உரிமையைத் தானே விற்கலாம். 1903இல் விண்டம் சட்டம், பிரபுக்கள் நிலத்தை விற்கவும் குத்தகைக்காரர்கள் அரசுக் கடனில் வாங்கவும் வழி செய்தது. வாரம் கட்டியவன் தவணை கட்டத் தொடங்கினான். தவணை முடிந்தால் நிலம் அவனுடையது.

அதே 1903ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் கிள்ளான் புக்கிட் ராஜா, பெட்டாலிங் என்று நம் ஊர்ப் பெயர்களைத் தாங்கிய ரப்பர் கம்பெனிகள் லண்டனில் பதிவாகிக்கொண்டிருந்தன. அங்கே பெரும் பண்ணைகள் கரைந்த நேரம், இங்கே பெரும் பண்ணைகள் எழுந்த நேரம்.

அதற்கு முன்பு சிலாங்கூரில் காப்பி. இலங்கையில் காப்பி நோய் கண்டு அழிந்தபின் அங்கிருந்து வந்த துரைமார்கள் இங்கே காட்டை வெட்டிக் காப்பி போட்டார்கள். கூடவே வந்தது கங்காணி முறை. 1890களின் கடைசியில் பிரேசில் காப்பி சந்தையில் குவிந்து விலை சரிந்தது. காஜாங் இன்ச் கென்னத் தோட்டத்தில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் காப்பிக்கு நடுவே நட்ட ரப்பர்தான் கைகொடுத்தது. இன்ச் கென்னத் என்பது ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் உள்ள ஒரு சிறு தீவின் பெயர். அந்த நாட்களில் தோட்டங்களுக்குப் பெயர் வைத்தவர்கள் தங்கள் ஊரையும் வீட்டாரையும் நினைத்து வைத்தார்கள். கெப்போங்கில் எடின்பரோ, உலு சிலாங்கூரில் மேரி, நைஜல் கார்டனர். எல்லாம் ஆங்கிலப் பெயர் என்று நினைத்துவிட வேண்டாம். பத்தாங் பெர்சுந்தை பக்கம் தென்னமரம் என்றே ஒரு தோட்டம் இருக்கிறது. 1917இல் இந்த நாட்டில் செம்பனையை முதன்முதலாக வணிகப் பயிராக நட்டது அங்கேதான். நட்டவர் ஹென்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பின்னால் நாவலாசிரியராகி 1930இல் கோன்கூர் பரிசும் வாங்கினார்.

பண்ணை முதலாளிகள் எல்லாரும் வெள்ளையர் என்பதும் சரியில்லை. செட்டியார்கள் கடனுக்கு ஈடாக வந்த ரப்பர் நிலங்களை ஏராளமாக வைத்திருந்தார்கள். சுங்கை சிப்புட் வீராசாமி ரப்பர் தோட்ட முதலாளி. அவருடைய மகன் துன் வீ.தி. சம்பந்தன். அவரிடம் பிறகு வருகிறேன்.

தோட்டம் எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிலம் ஏன் கைக்கு வரவில்லை என்பதற்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. விடியுமுன் பெரட்டு. கிராணி செக்ரோலைத் திறந்து பெயர் கூப்பிடுவார். பெயர் விழுந்தால் வேலை, வேலை இருந்தால் வீடு. அம்மா தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போவார். உளியை மரத்தில் சாய்த்து, பட்டையைத் தாள் கனத்துக்குச் சீவ வேண்டும். ஆழமாகப் போனால் மரத்தில் காயம், பிறகு அந்த இடத்தில் முண்டு விழும். மேலோட்டமாகப் போனால் பால் வராது. முந்தின நாள் கோட்டில் உறைந்து கிடக்கும் பாலை உரித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த மரம். வெயில் ஏறியதும் பால் எடுப்பு, காண்டா கட்டையில் இரண்டு வாளி, ஸ்டோரில் நிறுவை. வாளியில் உள்ளது எவ்வளவு பால், எவ்வளவு தண்ணீர் என்று கிராணி ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுப் பார்ப்பார். அந்தக் குழாய் காட்டுகிற கோடுதான் அன்றைய சம்பளம். மழை பெய்தால் மரம் நனையும், வெட்டு இல்லை.

லயத்து வீட்டுக்கு வாடகை கிடையாது. தண்ணீர்க் காசு கிடையாது. ஆயாக்கொட்டகை, தோட்டத்துக் கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் உள்ளேயே. பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று தொழிலாளர் சட்டம் சொன்னது. காய்கறி போட ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும் என்றும் 1920களின் சட்டம் சொன்னது. எங்கள் பாட்டி அந்தத் துண்டில் மரவள்ளியும் முருங்கையும் வைத்திருந்தார். 'இது நம்ம மண்ணு' என்று அவர் சொல்லும்போது எனக்குச் சிறு வயதில் எந்தச் சந்தேகமும் வந்ததில்லை.

அந்த இலவச வீடுதான் எங்களைக் கட்டிப்போட்டது என்று நான் நினைக்கிறேன். மேயோ விவசாயி வாரம் கட்டினான். கட்டியதற்கு ரசீது வாங்கினான். வாரத்துக்குத் தவறினால் வீதிக்கு விரட்டப்பட்டான், அது உண்மை. பஞ்ச காலத்தில் அப்படி விரட்டப்பட்ட குடும்பங்களின் துயரத்துக்கு அளவில்லை. ஆனாலும் அந்த ரசீது அவனை நிலத்தோடு சேர்த்து எழுதியது. சட்டம் இரங்கி வந்தபோது பிடித்துக்கொள்ள அவன் கையில் ஒரு கொம்பு இருந்தது. பாட்டி கையில் இருந்தது செக்ரோல் எண் மட்டும். அது அவரை வேலையோடு சேர்த்து எழுதியது. வேலை நின்ற அன்றே வீடும் நின்றது, மரவள்ளியும் நின்றது.

போராடாமல் இருந்தோம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். 1941ஐ நம் பிள்ளைகளுக்கு நாம் சரியாகச் சொல்லித் தரவில்லை. போர்க்காலத்தில் ரப்பர் விலை ஏறியிருந்தது. ஆண் தொழிலாளிக்கு நாள் சம்பளம் 50 காசு. தமிழ் நேசன் பத்திரிகையில் துணையாசிரியராக இருந்த ஆர்.எச். நாதன், கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் வழியே தொழிலாளர்களைத் திரட்டினார். அவர்கள் எழுதிக் கொடுத்த கோரிக்கைகளைப் படித்தால் சம்பளம் அதில் ஒரு வரிதான் என்பது தெரியும். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். அடிக்கும் கிராணிகளை மாற்றித் தமிழ் பேசும் கிராணிகளை வைக்க வேண்டும். பெண்களிடம் தப்பாக நடப்பதை நிறுத்த வேண்டும். பிள்ளைகளுக்குப் படிப்பு, நோய்க்கு ஒழுங்கான மருத்துவம். உறவினர்கள் தோட்டத்துக்குள் வந்து போகத் தடை கூடாது. துரைக்கும் கிராணிக்கும் எதிரே சைக்கிளில் ஏறியபடியே போக அனுமதி வேண்டும்.

என் தாத்தா அப்போது கிள்ளான் பக்கத்துத் தோட்டமொன்றில் இளவட்டம். சம்பளம் சேர்த்து ஒரு பழைய சைக்கிள் வாங்கியிருந்தார். "தொரை கார் சத்தம் கேட்டாலே எறங்கிடணும்மா. எறங்கி, ஓரமா நின்னு, தலைப்பாவ அவுக்கணும். அவரு போன புழுதி அடங்கினப்புறந்தான் ஏறணும்" என்பார். கூலியை விட அந்தச் சைக்கிளைப் பற்றித்தான் அவர் அதிகம் பேசினார். ஏக்கர் கணக்கில் ஒரு நிலம் ஒருவருக்குச் சொந்தமாக இருக்கலாம். அந்த நிலத்தின் பாதையில் நடக்கிற மனிதனின் முதுகும் அவருக்குச் சொந்தம் என்று நினைத்ததைத்தான் அந்தத் தலைமுறை எதிர்த்தது.

மே மாதம் 5ஆம் தேதி நாதனைக் கைது செய்தார்கள். வேலைநிறுத்தம் கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூர்வரை பரவியது. இந்தியப் படைப்பிரிவுகள் வந்தன. 16ஆம் தேதி சிலாங்கூரில் அவசரநிலை. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஜப்பானியர் வந்துவிட, சயாம் ரயில் பாதைக்குத் தோட்டத்து ஆண்கள் ஆயிரக்கணக்கில் போனார்கள், பலர் திரும்பவில்லை. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

மேயோவில் நிலச் சங்கம் நிலத்தைக் கேட்டது. கிள்ளானில் எங்கள் ஆட்கள் நிலத்தைக் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது, ஊருக்குத் திரும்பப் போகிறவர்கள் என்றுதான் அரசு அவர்களைக் கணக்கு வைத்திருந்தது, அவர்களில் பலரும் தங்களை அப்படியே நினைத்திருந்தார்கள்.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் பத்திரிகைகள் அலறின. பேராசிரியர் உங்கு அசிஸ் தலைமையில் அதைப் பற்றி ஆய்வே நடந்தது. துண்டு வாங்கியவருக்குப் பழைய தொழிலாளி தேவையில்லை, லயம் தேவையில்லை.

அந்த நேரத்தில் அயர்லாந்தின் வழிக்கு மிக நெருக்கமாக வந்த ஒரே முயற்சி சம்பந்தனுடையது. 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். பால் வெட்டுகிறவர் பத்து வெள்ளி பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கு சேர்க்கலாம். அந்தப் பணத்தில் சங்கம் தோட்டத்தை வாங்கும். முதல் தோட்டம் கெடாவில் புக்கிட் சீடிம். தோட்ட முதலாளியின் மகன் லயம் லயமாகப் போய், நிலத்தை நீங்களே வாங்குங்கள் என்று சொன்னதை நான் பெரிய காரியமாக மதிக்கிறேன். ஆனால் விண்டம் சட்டத்தின் பின்னால் ஓர் அரசின் கருவூலம் நின்றது. சம்பந்தன் பின்னால் நின்றது தொழிலாளியின் பத்து வெள்ளி. சங்கம் பிழைத்தது, பல தோட்டங்களைக் காப்பாற்றியது. நிலம் சங்கத்தின் பெயரில் இருந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி நிலம் என்ற இடம்வரை அது போகவில்லை.

1981 செப்டம்பர் 7ஆம் தேதி காலை, லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்துக்குள் கத்ரி என்ற தோட்டக் கம்பெனியை மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நேஷனல் வாங்கி முடித்தது. நூற்றாண்டு கடந்த ஆங்கில உடைமை நாட்டுக்குத் திரும்பியது. நாடு மகிழ்ந்ததில் நியாயம் இருக்கிறது, நானும் மகிழ்ந்தேன். 2007இல் கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி மூன்றும் ஒன்றாயின. இந்த மாற்றங்கள் எதிலும் செக்ரோலின் சட்டம் மாறவில்லை. வேலை இருக்கும்வரை வீடு.

பிறகு ரப்பரைவிட வீட்டு மனை அதிகம் கொடுத்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் பல தோட்டங்கள் ஊராயின. எங்கள் குடும்பத்துக்கும் ஒரு நாள் கடிதம் வந்தது. ஒரு பக்கம்தான், மலாயில். அப்பா தமிழ் மட்டும் படித்தவர், நான்தான் வாசித்துக் காட்டினேன். மூன்று தலைமுறை அந்தக் கடிதத்தில் எங்குமே இல்லை. சேவை ஆண்டு, இழப்பீட்டுத் தொகை, வீட்டைக் காலி செய்ய வேண்டிய தேதி. அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு முருங்கையை என்ன செய்வது என்று கேட்டார்.

புத்ராஜெயாவுக்காக பிராங் பெசார், செட்ஜ்லி, காலோவே, மெடிங்லி தோட்டங்களின் குடும்பங்கள் இடம் பெயர்ந்தன. 400 குடும்பங்கள் அளவில் டெங்கிலின் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளில் குடியேறின; சுவர் வெடிப்பு நாடே அறிந்த செய்தியாயிற்று. உலு சிலாங்கூரில் மேரி, நைஜல் கார்டனர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் 245 குடும்பங்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வீடு கேட்டுவந்தன.

என் ஒப்பீட்டில் ஓர் ஓட்டை இருக்கிறது, அதை நானே சொல்லிவிடுகிறேன். அயர்லாந்தில் நிலம் வாங்கியது குத்தகைக்காரன். கூலிக்கு வேலை செய்தவனுக்கு விண்டம் சட்டம் நிலம் தரவில்லை. அப்படியானால் எங்களுக்கு இணை அந்தக் கூலியாள்தானே? அவனுக்கு என்ன கிடைத்தது என்று தேடினேன். 1883இல் ஒரு சட்டம், 1906இல் இன்னும் வலுவான ஒரு சட்டம். பண்ணைக் கூலிக்குக் கிராமத்து நிர்வாகமே கல்வீடு கட்டிக் குறைந்த வாடகைக்குக் கொடுத்தது. வீட்டோடு அரை ஏக்கர் தோட்டம், பிறகு ஒரு ஏக்கர்வரை. முதல் உலகப் போர் தொடங்குமுன் இப்படி 40,000 வீடுகளுக்கு மேல் எழுந்துவிட்டன. மேற்கில் குறைவு, தெற்கில்தான் அதிகம். முக்கியமான விஷயம், அந்த வீடு முதலாளி கையில் இல்லை. ஒரு பண்ணையில் வேலை போனால் இன்னொரு பண்ணைக்குப் போகலாம், வீடு அப்படியே இருக்கும். ஆட்சியும் அதே ஆட்சி, பிரிட்டிஷ் ஆட்சி. அங்கே கூலிக்கு அரை ஏக்கர் என்று எழுதிய அதே சாம்ராஜ்யம்தான் இங்கே பதினாறில் ஒரு பங்கு என்று எழுதியது, அதுவும் வேலை இருக்கும்வரை.

அதனால் இது முடியாத காரியம், கூலிக்கு வீடு கொடுக்க உலகத்தில் வழக்கமில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். வழக்கம் இருந்தது, நமக்கு வந்து சேரவில்லை. முன்னாள் தோட்டத் தொழிலாளர்களுக்குத் தரை வீடு என்ற அறிவிப்புகள் அண்மை ஆண்டுகளில் வந்திருக்கின்றன. நல்லது. அந்த வீடுகளின் கிராண்டு பால் வெட்டியவர் பெயரிலேயே எழுதப்பட வேண்டும், ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரில் வேண்டாம். அவர்களில் பெரும்பாலோருக்கு இப்போது எழுபது வயது தாண்டிவிட்டது. கைநாட்டு வைக்கிறவர் உயிரோடு இருக்கும்போதே அந்தத் தாள் வர வேண்டும்.